குழந்தைக்கு மதிப்பெண் போட்டோம், குடும்பத்தைக் கேட்டோமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய மருத்துவர், ஆட்டிசம் என்றால் என்ன, அதை எப்படி அடையாளம் காண்பது என்று விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் மருத்துவர் இல்லை. மாஸ் கம்யூனிகேஷனில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருடமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கேள்வி கேட்பது. ஆகவே கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் நான் தவறாகக் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மலாக்கா மாநிலத்தில் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்கு நிகழ்ச்சிப் பதிவுக்காகப் போயிருந்தோம். அந்த வீட்டில் நாலு வயதுப் பையன். அவனுக்கு ஆட்டிசம் என்று முந்தின வருடம்தான் சொல்லியிருந்தார்கள். அம்மாவை வாசலில் உட்கார வைத்து, "அக்கா, தம்பி இப்ப எப்படி இருக்கான்? பேசுறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்குறானா?" என்று வரிசையாகக் கேட்டேன். அவரும் வரிசையாகப் பதில் சொன்னார். கடைசியில் ஒப்புக்கு ஒரு கேள்வி போட்டேன். "நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?" "பரவால்லம்மா" என்றார். நன்றி சொல்லி முடித்துவிட்டோம்.

கேமராக்காரர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த அக்கா தேத்தண்ணி கலக்கிக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகுதான் பேச ஆரம்பித்தார். பையன் இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூங்க மாட்டானாம். கதவைத் திறந்துகொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் ஓடிவிடுவான் என்ற பயத்தில், இவர் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்கிறாராம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பாதி நாள் இரவில் வீட்டில் இருப்பதில்லை. ஒருமுறை சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்குப் போனபோது, மேளச் சத்தம் தாங்காமல் பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து புரண்டிருக்கிறான். பக்கத்தில் நின்ற ஒருவர், "பிள்ளைய வளர்க்கத் தெரியல" என்று காதுபடச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கோயிலுக்கும் போவதில்லை, கல்யாணத்துக்கும் போவதில்லை. ஏழு வயது மூத்த மகள் தன் பள்ளித் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"இதையெல்லாம் ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்றேன். "யாரும் கேட்கலியேம்மா. டாக்டரும் அவனைப் பத்தித்தான் கேட்பாங்க, டீச்சரும் அவனைப் பத்தித்தான் கேட்பாங்க. நீயும் அவனைப் பத்தித்தானே கேட்ட?" என்றார்.

நிகழ்ச்சி ஒளியேறியது. அதில் இருந்தது "பரவால்லம்மா" மட்டும்தான்.

ஏட்டில் ஏறாத உழைப்பு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிறுவை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய பாலைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தால், எடை போட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து, கிராணி ஏட்டில் எழுதுவார். ஏட்டில் ஏறியதற்குத்தான் சம்பளம். மழையில் நனைந்து வீணாய்ப் போன பாலுக்கு எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் ஒரு காசு கிடையாது.

ஆட்டிசத்திலும் அப்படித்தான் நடக்கிறது. குழந்தையை அளக்க நல்ல கருவிகள் வந்துவிட்டன. ஒன்றரை வயதுக் குழந்தைக்கே எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. நம் அரசாங்க கிளினிக்குகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கார்ஸ் என்று இன்னொன்று உண்டு. அதில் 15 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். தமிழ் பேசும் குடும்பங்களுக்கு அது சரியாக வேலை செய்கிறதா என்று தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இவை மிக அவசியமானவை. இவை இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் "பிடிவாதக்காரன்" என்ற பெயரோடு அடி வாங்கிக்கொண்டு வளர்ந்திருப்பார்கள்.

ஆனால் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கும் அம்மாவுக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு என்பது பல ஆய்வுகளில் வந்த செய்தி. குழந்தை தூங்காத வீட்டில் வேறு யார் தூங்குவார்? தூங்காத அம்மா மறுநாள் எப்படிப் பொறுமையாகப் பயிற்சி கொடுப்பார்? குழந்தையின் முன்னேற்றத்துக்கே குடும்பத்தின் நிலைமைதான் அடித்தளம். அந்த அடித்தளத்தை நாம் பார்ப்பதே இல்லை.

குற்றவாளியைக் கேட்பதுபோல் கேட்டார்கள்

ஒரு காலத்தில் குடும்பத்தைக் கேட்டார்கள். ஆனால் குற்றவாளியை விசாரிப்பதுபோல் கேட்டார்கள். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதித்தான் ஆட்டிசம் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. அதன் பிறகு பல வருடங்கள், அன்பு காட்டாத தாயால்தான் இது வருகிறது என்று நம்பினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அந்தக் கருத்தை ஒரு புத்தகமாகவே எழுதி உலகெங்கும் பரப்பினார். தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இது உடலும் மூளையும் சம்பந்தப்பட்டது, தாயின் குற்றமல்ல என்று 1964லேயே எழுதியிருந்தார். ஆனாலும் பழி நீங்க நெடுங்காலம் பிடித்தது. 1998இல் தடுப்பூசி மீது பழி போட்டு ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 2010இல் அதே இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசி போடச் சம்மதித்தோமே என்று எத்தனை தாய்மார்கள் அதற்குள் அழுதிருப்பார்கள்?

மாசி மகத்தில் "வளர்க்கத் தெரியல" என்று சொன்ன மனிதர் பெட்டல்ஹைம் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அதே பழியைத்தான் அவரும் சொன்னார். ஆகவே குடும்பத்தைக் கேட்பது என்றால், "நீ என்ன தப்புச் செய்தாய்" என்று கேட்பதல்ல. "உன் வாழ்க்கை எப்படிப் போகிறது" என்று கேட்பது.

சென்னையும் சேர்ந்து செய்த அளவுகோல்

வாழ்க்கைத் தரத்தை அளக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். சம்பளத்தை அளக்கலாம், இரத்த அழுத்தத்தை அளக்கலாம், மனசை எப்படி அளப்பது? நியாயமான கேள்விதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் இதற்கென ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. அதை வெள்ளைக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதி மற்றவர்களிடம் நீட்டவில்லை. தொடக்கத்தில் உலகின் 15 மையங்களில் ஒரே சமயத்தில் மக்களிடம் பேசி உருவாக்கினார்கள். பாங்காக், தோக்கியோ, ஹராரே, பார்சலோனா, புதுடில்லி என்ற அந்தப் பட்டியலில் சென்னையும் ஒன்று. அதாவது, நல்ல வாழ்க்கை என்றால் என்ன என்று உலகம் கேட்டபோது, தமிழ் பேசும் மக்களின் பதிலும் ஆரம்பத்திலேயே அதில் சேர்ந்திருக்கிறது.

முதலில் 100 கேள்விகள் இருந்தன. பிறகு அதைச் சுருக்கி 26 ஆக்கினார்கள். உடல்நலம், மனநலம், உறவுகள், வாழும் சூழல் என்று நான்கு பிரிவுகள். போன இரண்டு வாரத்தை நினைத்துப் பார்த்து, ஐந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் முக்கியமானது, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. தன் பண்பாட்டில், தன் எதிர்பார்ப்புகளோடு வாழும் அந்த மனிதரே முடிவு செய்கிறார்.

இது தனிமனிதருக்கு. குடும்பத்துக்கென்றே வந்தவையும் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பீச் மையம், உடற்குறையோ கற்றல் சிக்கலோ உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக 25 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. குடும்பத்தினர் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம், பிள்ளை வளர்ப்பு, மனநலம், பண வசதியும் உடல்நலமும், பிள்ளைக்குக் கிடைக்கும் உதவி என்று ஐந்து பகுதிகள் அதில் உள்ளன.

இளம் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கென்றே பிரிட்டனில் ஒன்று வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது, 48 கேள்விகள். அதை எழுதுவதற்கு முன் பெற்றோரைக் கூட்டி உட்கார வைத்து, உங்கள் வாழ்க்கையில் எது மாறினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். அதனால்தான் அந்தத் தாளில் குழந்தையின் வளர்ச்சியோடு, பெற்றோராக இருக்கும் அனுபவம், குடும்ப வாழ்க்கை என்ற பகுதிகளும் இடம்பெற்றன. நான் ஜாசினில் செய்யத் தவறியதை அவர்கள் முதல் வேலையாகச் செய்தார்கள்.

"பரவாயில்லை" என்றால் என்ன?

சரி, இந்தத் தாள்களை அச்சடித்து, அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. கேள்வி கேட்பவள் என்ற முறையில் இங்கேதான் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நம் மக்களிடம் "பரவாயில்லை" என்று ஒரு பதில் இருக்கிறது. சோறு நன்றாக இருந்தாலும் பரவாயில்லை, நெஞ்சு வலித்தாலும் பரவாயில்லை. ஐந்து பதில்களில் அதை எந்தக் கட்டத்தில் போடுவது? அந்நியரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "உறவினர்கள் உங்களுக்கு ஆதரவாக இருக்கிறார்களா?" என்று மருமகளைக் கேட்டால் என்ன பதில் வரும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகளில் தாம்பத்திய வாழ்க்கை பற்றியும் ஒன்று இருக்கிறது. அதைக் கூடத்தில் வைத்துக் கேட்டால், கேட்டவர் அடுத்த முறை அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது.

எனவே முதலாவது, தனியாகக் கேட்க வேண்டும். அம்மாவைத் தனியாக, அப்பாவைத் தனியாக. அப்பாக்களை நாம் கேட்பதே இல்லை. ஓவர்டைம் செய்துவிட்டு வந்து மௌனமாக உட்காரும் மனிதருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். அண்ணன் அக்காவாக இருக்கும் பிள்ளைகளையும் கேட்க வேண்டும். தாத்தா பாட்டியைக் கேட்க வேண்டும். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு விதமான வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, எண்ணிச் சொல்லக்கூடியதாகக் கேட்க வேண்டும். "தூக்கம் எப்படி?" என்றால் பரவாயில்லைதான். "போன வாரத்தில் எத்தனை ராத்திரி நாலு மணி நேரமாவது தொடர்ந்து தூங்கினீங்க?" என்றால் விரல் விட்டு எண்ணத்தான் வேண்டும். "போன மாதம் குடும்பத்தோடு எத்தனை முறை வெளியே போனீங்க?" "பிள்ளையை ஒரு மணி நேரம் நம்பி விட்டுட்டுப் போக உங்களுக்கு எத்தனை பேர் இருக்காங்க?" "பிள்ளைக்காக வேலையை விட்டீங்களா, அதனால மாதம் எவ்வளவு குறைஞ்சது?" "கடைசியா எப்ப அவனோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிச்சீங்க?" இவை என் கேள்விகள், விஞ்ஞான அளவுகோல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சை ஆரம்பிக்க உதவும், அவ்வளவுதான். கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். இந்தக் குடும்பங்களில் துன்பம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனால், அதுவும் ஒரு தவறான கேள்விதான்.

மூன்றாவது, ஒருமுறை கேட்டால் போதாது. ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். அப்போதுதான் நாம் கொடுத்த உதவி உதவியாக இருந்ததா, உபத்திரவமாக இருந்ததா என்று தெரியும்.

லயத்து வீடும் அடுக்குமாடியும்

இந்த அளவில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மலாக்காவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டக் குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். குழாய்த் தண்ணீர், மின்சாரம், கிளினிக், எல்லாம் பக்கத்தில். அளந்து பார்த்தால் சூழல் என்ற பகுதியில் மதிப்பெண் கூடும். ஆனால் லயத்தில் ஒரு பிள்ளை வாசலைத் தாண்டினால் பத்து வீட்டுக் கண்கள் பார்த்தன. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. நாலாவது மாடியில் கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. பிள்ளை கத்தினால் சுவரைத் தட்டுவார்கள். அங்கே உறவுகள் என்ற பகுதியில் மதிப்பெண் சரிகிறது.

பழைய லய வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கஷ்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு மாறும், அதைக் கேட்டால்தான் தெரியும் என்கிறேன். ஒரே வயது, ஒரே மதிப்பெண் உள்ள இரண்டு பிள்ளைகள். ஒரு வீட்டில் சித்தி ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள், இன்னொரு வீட்டில் யாருமில்லை. இரண்டு குடும்பங்களின் வாழ்க்கையும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிள்ளையல்ல. அதனால் இந்த அளவை யாரும் பிள்ளை மீது எழுதும் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடக் கூடாது. "உன்னால்தான் இந்த வீடு இப்படி ஆச்சு" என்ற பேச்சு அந்தப் பிள்ளைக்கும் புரியும், பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் புரியும்.

கேட்ட பிறகு என்ன செய்வது?

கேட்டுவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவதற்கு, கேட்காமலே இருக்கலாம். பதில் எங்கே சரிந்திருக்கிறதோ அங்கே உதவி போக வேண்டும்.

பணம்தான் சிக்கல் என்று தெரிந்தால், சில வழிகள் இருக்கின்றன. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களைச் சமூக நல இலாகாவில் கற்றல் சிக்கல் பிரிவில் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை தருகிறது. "பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க" என்று பயந்து பதியாமல் இருக்கும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். அட்டை வாங்காவிட்டால் ஆட்டிசம் போய்விடாது, உதவிதான் போய்விடும். பள்ளி மறுக்கப்படுவது கவலை என்றால், சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல் நடப்புக்கு வந்திருக்கிறது. எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை என்பது உண்மை. அதைக் கேட்டு வாங்கவும் நமக்கு எண்ணிக்கை வேண்டும்.

தனிமைதான் சிக்கல் என்றால், அதற்கு இலாகா தேவையில்லை, மனிதர்கள் போதும். சமூக மறுவாழ்வு மையம் என்ற திட்டமே நம் நாட்டில் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சின்னதாக ஆரம்பித்ததுதான். இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு நடத்தி 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 65 குழந்தைகள். சிறப்பு மருத்துவர்கள் அல்லாத சாதாரணச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடுகளுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் புரிந்துகொண்டு அதற்கு ஈடுகொடுத்துப் பழகும் விதம் மேம்பட்டது. கோவாவில் முடிந்தது ஜாசினில் முடியாதா? பாலர் பள்ளி ஆசிரியை, கோயில் மாதர் பிரிவு, ஓய்வு பெற்ற நர்ஸ், இவர்களெல்லாம் நம்மிடம் இல்லையா?

கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு மறுநாள் காலை, மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாமல் ஒரு மணி நேரம் இந்தக் குடும்பங்களுக்கென்று ஒதுக்குங்கள். செலவு ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அது அந்த வருடத்தின் திருவிழா.

முடிக்கும் முன், அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் கேமரா இல்லாமல் போனேன். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. "போன வாரம் எத்தனை ராத்திரி தூங்குனீங்கக்கா?" என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "மூணு" என்றார். கொழுந்தனார் மனைவி விசயம் தெரிந்த பிறகு, வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து பையனோடு படுத்துக்கொள்கிறாராம். "முன்னாடி அவகிட்ட நான் சொன்னதும் இல்ல, அவ கேட்டதும் இல்ல" என்றார்.

பையனின் மதிப்பெண் அந்த வருடம் பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்த வீட்டில் மூன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கிறது. இதை எந்த ஏட்டில் எழுதுவது? அந்த ஏட்டைத்தான் நாம் திறக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் உறவிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குடும்பம் இருந்தால், இந்த வாரம் போய்க் கேளுங்கள். பிள்ளையைப் பற்றி அப்புறம் கேட்கலாம். முதலில் அம்மா எத்தனை ராத்திரி தூங்கினார் என்று கேளுங்கள். பதில் பூஜ்யம் என்றால், அடுத்த ராத்திரிக்கு யார் போவது என்று உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.